சென்டர் ஸ்பீக்கர்

எங்கள் வீட்டு டிவிடி பிளேயர் செத்தது 2023 ஆகஸ்ட் 15 அன்று. நெல்லித்தோப்பில் அன்றைக்கு விண்ணேற்பு அன்னை கோயில் திருவிழா. தெரு முழுக்க சீரியல் லைட், குழாய் ஸ்பீக்கரில் மாதா பாட்டு, வீடு நிறைய சொந்தக்காரர்கள். அப்பா யாரோடும் பேசாமல் ஹாலில் தரையில் உட்கார்ந்து பிளேயரைத் தட்டிக்கொண்டிருந்தார். அது திறக்கும், மூடும், கொஞ்ச நேரம் முனகும், ‘நோ டிஸ்க்’ என்று காட்டிவிட்டு மறுபடி திறக்கும். தேர் எங்கள் தெரு முனைக்கு வந்தபோதுகூட எழுந்து போகவில்லை.

மறுநாள் மெக்கானிக்கிடம் எடுத்துக்கொண்டு போனேன். “லென்ஸ் போயிடுச்சும்மா. இதுக்கு பிக்கப் இப்ப எங்கயும் வர்றதில்ல” என்றார். பிறகு ஒரு ஆர்வத்தில், “இன்னமும் டிஸ்க் போட்டா பாக்குறீங்க?” என்று கேட்டார்.

பார்க்கிறோம். அதாவது அப்பா பார்க்கிறார். அவரிடம் 400 சொச்சம் தட்டுகள் இருக்கின்றன. பிஸ்கட் டின்னில், ஷூ டப்பாவில், பீரோவின் கீழ்த்தட்டில். மில்லிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்ததிலிருந்து தினமும் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு படம். மொபைலில் எல்லாம் கிடைக்குமே என்று நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவர் வைத்திருப்பதில் பாதி எந்த ஓடிடியிலும் இல்லை; இருப்பதும் இன்றைக்கு இருக்கும், அடுத்த மாதம் காணாமல் போகும்.

“நான் வாங்கித் தர்றேன்ப்பா. நல்லதா” என்றேன்.

அந்த ‘நல்லதா’ என்ற ஒரு வார்த்தை என் ஆறு வாரங்களைத் தின்றது.

*

பாண்டிச்சேரிக்காரர்களுக்கு இந்த மெஷின்களோடு ஒரு தனிக் கதை உண்டு. வரி குறைவு என்று கடலூர், விழுப்புரத்திலிருந்தெல்லாம் டிவி வாங்க இங்கே வந்த காலம் ஒன்று இருந்தது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பிரான்ஸ். எங்கள் பெரிய மாமா சொல்தா. பிரெஞ்சுக் குடியுரிமை, பிரெஞ்சு ராணுவம், பாரிஸுக்குப் பக்கத்தில் சார்செல்லில் வீடு. விடுமுறைக்கு வரும்போது சீஸ், சென்ட், சாக்லேட்டோடு ஏதாவது ஒரு மின்சாதனமும் கொண்டுவருவார். அது இங்கே வேலை செய்யாது.

முதல் சம்பவம் நான் பிறப்பதற்கு முன்னால். பாரிஸில் நடந்த சித்தி கல்யாணத்தின் வீடியோ கேசட்டை மாமா அனுப்பியிருக்கிறார். டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்து, தெருவையே கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டால், கல்யாணம் கறுப்பு வெள்ளையில் ஓடுகிறது. பிரான்ஸின் கலர் முறை செகாம்; நம்முடையது பால். பால் டெக்கில் செகாம் கேசட்டைப் போட்டால் படம் வரும், கலர் வராது. அது யாருக்குத் தெரியும்? சித்தியின் அரக்குப் பட்டை கறுப்புப் புடவை என்று நினைத்துக்கொண்டு பாட்டி அழுதாளாம்.

அடுத்தது 2003இல் மாமா கொண்டுவந்த டிவிடி பிளேயர். டிவிடியில் உலகத்தைக் கூறு போட்டிருந்தார்கள். பிரான்ஸ் 2ஆம் மண்டலம், இந்தியா 5ஆம் மண்டலம். மாமாவின் பிளேயர் இந்தியாவில் விற்ற ஜாக்கி சான் தட்டை வாங்கிக்கொண்டு, மண்டலம் தவறு என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுத் துப்பிவிடும். தமிழ்ப் படத் தட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பூட்டு கிடையாது என்பதால் அப்பா பிழைத்தார். பிறகு யாரோ ஒரு மெக்கானிக், ரிமோட்டில் வரிசையாக எண்களை அழுத்தினால் பூட்டு திறக்கும் என்று சொல்லி, எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு பேட்டரி மூடிக்குள் பல வருடம் இருந்தது.

அதற்கு முன்பு விசிடி. ஒரு தட்டில் 74 நிமிடம். ஒரு படத்துக்கு இரண்டு தட்டு, நீளமான படமென்றால் மூன்று. படம் 352க்கு 288 புள்ளிகள். ஆட்கள் சும்மா நின்று பேசும்வரை பரவாயில்லை. மழை பெய்தால், கடல் வந்தால், கூட்டம் ஓடினால் திரை முழுக்கச் சதுரம் சதுரமாக உடையும். அந்தக் காலத்துத் தமிழ் சினிமாவின் மழையையெல்லாம் நான் சதுரமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அப்பாவின் சேகரிப்பு பெருகியது மோசர் பேயர் வந்த பிறகு. விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று அவர்கள் விற்க ஆரம்பித்தபோது, ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு மீன் வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, நான்கு தட்டும் கொஞ்சம் நெத்திலியுமாக வருவார். ஒரே தட்டில் ஐந்து படம் என்ற திருட்டுத் தட்டுகளும் வரும். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, எல்லா வீட்டிலும் இருந்தன.

*

நான் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். எதையும் அட்டவணை போட்டுத்தான் வாங்குவேன். செப்டம்பர் முழுக்க அலுவலகக் கணினியில் ஒரு எக்செல் கோப்பு திறந்தே இருந்தது.

முதலில் தெரிந்துகொண்டது, இது ஒரு முடிந்துபோன உலகம் என்பது. எல்லாரும் கொண்டாடிய ஓப்போ 2018இலேயே பிளேயர் செய்வதை நிறுத்திவிட்டது. (இங்கே போன் விற்கும் ஓப்போவும் அதுவும் ஒரே தாய்வீட்டுப் பிள்ளைகள்தான்.) 2019இல் சாம்சங் ஒதுங்கியது. மிச்சமிருந்ததில் எனக்கு எட்டியவை இரண்டு: சோனி எக்ஸ்700, பானாசோனிக் யுபி820. பானாசோனிக்கில் டால்பி விஷன், எச்டிஆர்10 பிளஸ் இரண்டும் உண்டு. படத்தின் வெளிச்சத்தை டிவியின் சக்திக்குத் தகுந்தபடி மடக்கித் தரும் வசதியும் பேர்பெற்றது. சோனியில் எச்டிஆர்10 பிளஸ் இல்லை. டால்பி விஷனையும் மெனுவுக்குள் போய் நாமே போட்டு அணைக்க வேண்டும். பானாசோனிக்கை அனுப்பிவைக்கிறேன் என்று சார்செல்லிலிருந்து மாமா மகன் வாட்ஸப்பில் குரல் அனுப்பினான். 4கே தட்டுகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது. ஆனால் சாதாரண புளூரேவில் பிரான்ஸ் பி, நாம் சி. டிவிடியில் பழைய 2, 5 சண்டை அப்படியே இருக்கிறது. இருபது வருடம் கழித்து அதே பெட்டி, அதே ஊரிலிருந்து, அதே வியாதியோடு வர நின்றது.

இதையெல்லாம் அப்பாவிடம் போனில் உரக்கக் கத்தி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எங்கிட்ட 4கே தட்டு ஒண்ணுகூட இல்லியே பாப்பா” என்றார்.

அட்டவணையில் அந்தக் கட்டம் மட்டும் இல்லை.

உண்மையில் அப்பாவின் தட்டுகளுக்கு வேண்டியது வேறு. பழைய தமிழ் டிவிடிகள் பலவும் குழாய் டிவிக்காகச் செய்யப்பட்டவை. என்டிஎஸ்சி தட்டில் மொத்தம் 480 கோடுகள். சினிமாஸ்கோப் படத்தை 4:3 சட்டத்துக்குள் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்து அடைத்தால், படத்துக்கென்று மிஞ்சுவது சுமார் 270 கோடு. அகலத் திரைக்கென்று ஒழுங்காகச் செய்திருந்தால் 360 கிடைத்திருக்கும். இப்போதைய டிவியில் அந்தத் தட்டைப் போட்டால் நான்கு பக்கமும் கறுப்பு, நடுவில் ஜன்னல்போல் படம். ஜூம் செய்து 4கே திரையின் அகலத்துக்கு இழுத்தால் ஒரு கோட்டை ஆறாக்க வேண்டும், இல்லாத ஐந்தை மெஷின் ஊகிக்க வேண்டும். பிளேயருக்குப் பிளேயர் வித்தியாசம் தெரிவது இந்த ஊகத்தில்தான். ஒன்று வேட்டியின் கரையை நேர்க்கோடாகத் தரும், இன்னொன்று ரம்பப் பல்லாக்கும்.

இன்னொரு விஷயம் வேகம். படம் எடுப்பது விநாடிக்கு 24 சட்டம். பால் தட்டில் அதை 25ஆக ஓட்டிவிடுவார்கள். இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாகவே முடியும். யாருக்கும் தெரியாது. ஆனால் அம்மா கோயில் பாடகர் குழுவில் முப்பது வருடமாகப் பாடுகிறவர். மாமா கொண்டுவந்த பால் தட்டு ஒன்றில், குழுவில் பாடிப் பழகிய பாட்டு வந்தபோது, காய் நறுக்கிக்கொண்டே, “இது அரைக்கட்டை ஏறியிருக்கே” என்றார். கணக்குப் போட்டால் முக்கால் அரைக்கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அந்தக் காது என் எக்செல்லைவிட மேல்.

*

ரிச்சி தெருவுக்கு ஒரு சனிக்கிழமை போனேன். கூட வந்தவன் என் அலுவலக நண்பன். அவனுக்கு எச்டிஎம்ஐ என்றால் என்னவென்றே தெரியாது. நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் கடைக்காரர் அவனைப் பார்த்துப் பதில் சொன்னார். “சார், இந்த மாடல் எடுங்க, சவுண்டு சும்மா பிரமாதமா இருக்கும்.” சவுண்டு பிளேயரில் இல்லைங்க என்றேன். எச்டிஎம்ஐயில் பிட்டுகளை அப்படியே ரிசீவருக்குத் தள்ளிவிட்டால், ஒலியாக மாற்றுவது ரிசீவர்தான். மூவாயிரம் ரூபாய்ப் பிளேயர் தள்ளினாலும் லட்ச ரூபாய்ப் பிளேயர் தள்ளினாலும் அதே டால்பி, அதே டிடிஎஸ். பிளேயரிலிருந்தே அனலாக்காக எடுப்பவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பேச்சு பொருந்தும். கடைக்காரர் என் நண்பனைப் பார்த்து, “மேடம் படிச்சிட்டு வந்திருக்காங்க” என்றார்.

ஒன்றும் வாங்காமல் திரும்பினேன். பஸ்ஸில் வரும்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வாரமும் நான் படத்தைப் பற்றியே படித்திருக்கிறேன். அப்பாவின் பிரச்சினை படமே இல்லை.

அப்பா தறிக்கூடத்தில் 27 வருடம் இருந்தவர். எந்த மில் என்பது இங்கே தேவையில்லை. தறிக்கூடத்துக்குள் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. கை ஜாடையும் உதட்டசைவும்தான் பாஷை. காதில் வைக்க ஒன்றும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் வைத்திருக்கமாட்டேன் என்பார் அவர். ஜிப்மரில் எடுத்த ஆடியோகிராம் வீட்டில் இருக்கிறது. கோடு சமமாக வந்து, 3000 ஹெர்ட்ஸ் தாண்டியதும் கிணற்றுக்குள் விழுந்து, 4000இல் அடியைத் தொட்டு, கொஞ்சம் எழுகிறது. இரைச்சலில் போன காது இப்படித்தான் போகும். உயிரெழுத்துகளின் பலமெல்லாம் கீழே இருக்கிறது, அவை கேட்கும். ச, ஸ, ட, த, ப, க போன்றவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக்காட்டும் மெல்லிய ஒலிகள் மேலே இருக்கின்றன. அதனால் ‘பத்து’, ‘பட்டு’, ‘பச்ச’ எல்லாம் ஒரே சத்தம். “சத்தம் கேக்குது பாப்பா, பேச்சுதான் புரியல” என்று அவர் வருடக்கணக்காகச் சொல்லிவந்ததை, வயதானவர்கள் சொல்லும் ஏதோ ஒன்று என்று விட்டிருந்தேன். அது அப்படியே நூற்றுக்கு நூறு சரியான மருத்துவக் குறிப்பு.

காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். இரண்டு வாரம் வைத்தார். குக்கர் விசில், ஆட்டோ ஹாரன், கரண்டி விழுவது எல்லாம் மண்டைக்குள் வந்து விழுகிறது என்று கழற்றினார். அது இப்போது பீரோவில், கல்யாணப் பட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எனவே டிவியின் வால்யூம் 60. பேச்சு கேட்கட்டும் என்று ஏற்றினால் பாட்டும் சண்டையும் சேர்ந்து ஏறும். அம்மா மதிய நேரத்தில் பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார். மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்தபோது காரணம் சொல்லவில்லை, எங்களுக்குத் தெரியும்.

*

5.1 என்று சொல்கிறார்களே, அதில் வசனம் கிட்டத்தட்ட முழுக்க ஒரே தடத்தில் இருக்கிறது. நடுவில், திரைக்குப் பின்னால் இருக்கும் சென்டர். இசையும் இரைச்சலும் இடது வலதிலும் பின்னாலும். வீட்டில் டிவியின் இரண்டு ஸ்பீக்கரில் கேட்கும்போது, பிளேயர் இந்த ஆறு தடத்தையும் இரண்டாகக் கலக்கிறது. சென்டரை இரண்டு பக்கமும் 3 டெசிபல் குறைத்துப் பிரித்துப் போட்டு, அதன் தலைமேலேயே இசையை, மழையை, குண்டுவெடிப்பைக் கொட்டுகிறது. நல்ல காதுக்கே சிரமம். என் அப்பாவுக்கு அது மறுபடியும் தறிக்கூடம்.

தனி சென்டர் ஸ்பீக்கர் இருந்தால் அதை மட்டும் ஏற்றலாம். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, வசனம் மட்டும் 5, 6 டெசிபல் உயரும். பழைய மோனோ படங்களுக்கு? அதற்கும் வழி உண்டு. இடது வலது இரண்டிலும் ஒரே சத்தம் இருந்தால், டால்பி புரோலாஜிக் அதை அப்படியே சென்டருக்கு அனுப்பிவிடும். சிவாஜியும் பத்மினியும் நடு ஸ்பீக்கரிலிருந்து மட்டும் பேசுவார்கள்.

எக்செல்லை மூடினேன். பாரிஸ் பானாசோனிக்குக்கு நன்றி சொல்லி வேண்டாம் என்றேன். இந்தியாவில் விற்ற சோனியை வாங்கினேன். 5ஆம் மண்டலம், எந்தச் சண்டையும் இல்லை. மிச்சப் பணத்தில் ஒரு பழைய ஏவி ரிசீவரும், இரண்டு சின்ன ஸ்பீக்கரும், அவற்றைவிடப் பெரிய சென்டரும். படத்தின் தரம் பத்துக்கு ஏழு என்பேன். வேட்டிக்கரையில் கொஞ்சம் ரம்பப் பல் தெரியத்தான் செய்கிறது. எனக்குத்தான் தெரிகிறது.

*

பழைய பிளேயரைத் தூக்கிப் போடுவதற்கு முன் ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றினேன். சீட்டு இன்னும் உள்ளே இருந்தது. ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தபோது, பிளே பொத்தானின் அச்சு லேசாக மங்கியிருந்தது. பின்னால் ஓட்டும் பொத்தான் மட்டும் அச்சு மொத்தமும் போய், ரப்பரே குழி விழுந்து கிடந்தது.

2002இல் எனக்கு 13 வயது. அப்பா என்னைக் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்துக்கு அழைத்துப்போனார். ஒலிப்பதிவுக்காகத் தேசிய விருது வாங்கிய படம் அது, ஏ.எஸ்.லட்சுமி நாராயணன், எச்.ஸ்ரீதர் இருவருக்கும். அதெல்லாம் பின்னால் படித்தது. தியேட்டரில் எனக்கு நினைவிருப்பது ஒரே விஷயம். ஒன்பதாவது பிறந்தநாளன்று அமுதாவிடம் அவள் பெற்ற பிள்ளை இல்லை என்று சொல்கிறார்கள். தியேட்டரே மூச்சுவிடாமல் இருக்கிறது. அப்பா என் பக்கம் திரும்பி, தறிக்கூடத்தில் பேசும் அதே குரலில், “என்ன சொன்னான்?” என்று கேட்டார். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். என் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு வரிசை தள்ளி இருந்தான். “சும்மா இருப்பா” என்று அவர் கையைக் கிள்ளினேன். நன்றாகவே கிள்ளினேன்.

அதற்குப் பிறகு படம் முடியும்வரை அவர் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் சேர்ந்து தியேட்டருக்குப் போன கடைசிப் படமும் அதுதான். பிறகு நான் சிநேகிதிகளோடு போக ஆரம்பித்தேன். நீங்க ஏன்ப்பா வர்றதே இல்ல என்று பெரிய மனுஷிபோல் ஒருமுறை கேட்டபோது, “தியேட்டர்ல ரீவைண்ட் இல்லியே” என்றார். அதை ஜோக் என்று நினைத்து சிநேகிதிகளிடம்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

குழி விழுந்த பொத்தானைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து, “அத போடுறியா இல்லியா?” என்றார். போடவில்லை.

*

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு வந்து எல்லாவற்றையும் பூட்டினேன். சனிக்கிழமை மதியம் அப்பாவை உட்காரவைத்து, அவர் தட்டுகளிலிருந்து அந்தப் படத்தை எடுத்துப் போட்டேன். ஏன் அது என்று அவர் கேட்கவில்லை. சென்டரை 4 டெசிபல் ஏற்றிப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்து 6 ஆக்கினேன். மொத்த வால்யூமைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். டிவியை ‘விவிட்’ என்ற கண் கூசும் நிறத்தில் வைத்திருந்தார், அதை மாற்றினேன். “ஏன், சோகையா இருக்கே” என்றார். மறுபடி விவிட்டிலேயே வைத்துவிட்டேன். அதிலெல்லாம் சண்டை போட எனக்கு இஷ்டமில்லை.

அம்மா பக்கத்து வீட்டுக்குப் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் கதவோரம் நின்றேன். அமுதாவின் பிறந்தநாள் வந்தது. அப்பா முன்னால் சாய்ந்தார். வசனம் முடிந்ததும் ரிமோட்டை எடுத்து, புது பொத்தான்களைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தேடி, பின்னால் ஓட்டினார். மறுபடி அதே காட்சி. மறுபடி ஓட்டினார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. இத்தனை செலவும் வீண்தானா என்றுதான் முதலில் தோன்றியது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, “கேக்கலியாப்பா? இன்னும் ஏத்தவா?” என்றேன்.

“கேட்டுச்சு பாப்பா” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “சும்மா, இன்னொரு தடவ.”

மூன்றாவது முறை அவசரத்தில் வேறு பொத்தானை அழுத்திவிட்டார். பிளேயர் தட்டை வெளியே தள்ளியது.